செங்கல் எப்போது நகரும் என்று பிள்ளைகள் சொல்லட்டும்

கேள்வி: ஏற்காடு மலை அடிவாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். நிலக்கோளப் பாடத்தில் புவித்தட்டுகளும் நிலநடுக்கமும் வருகின்றன. சென்ற ஆண்டு சோடா உப்பில் வினிகர் ஊற்றி எரிமலை செய்து காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள், தேர்வில் நிலநடுக்கம் பற்றிச் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. எங்களுக்கு ஆய்வகம் இல்லை. வகுப்பில் நாற்பது பேர். இதற்காகத் தலைமையாசிரியர் தரக்கூடியது இரண்டு பாடவேளைகள்தான். "நம்ம ஊருக்கு நிலநடுக்கம் வருமா டீச்சர்? குவாரியில் வேட்டு வைப்பதால்தான் வருகிறது என்கிறார்களே?" என்று வேறு கேட்கிறார்கள். என்ன செய்து காட்டலாம்? என்ன பதில் சொல்லலாம்?
— ஆசிரியை, சேலம் மாவட்டம்

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

அந்த எரிமலையை முதலில் விட்டுவிடுங்கள். சோடா உப்பில் வினிகர் பட்டால் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வெளியே வரும். வேதியியல் வகுப்புக்கு நல்ல சோதனை. நிலநடுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. விடைத்தாள் வெறுமையாக இருந்ததற்கு உங்கள் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அன்று அவர்களுக்கு வேடிக்கை பார்க்கும் வேலைதான் இருந்தது. அளப்பதற்கோ முன்கூட்டி ஊகித்துச் சொல்வதற்கோ அதில் ஒன்றுமில்லை. நிலவியல் படித்து, கல்லூரியில் அதையே கற்பித்தவன் என்ற முறையில் நான் வற்புறுத்துவது இதைத்தான்: எந்தச் செய்முறையானாலும் தொடங்குவதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுத வேண்டும். முடிந்த பிறகு, "இந்த மாதிரி எந்த இடத்தில் உண்மையான பூமியைப்போல் இல்லை?" என்ற கேள்விக்கும் அவர்களே விடை தேட வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு அழகான செய்முறையும் உங்கள் எரிமலையின் கதியைத்தான் அடையும்.

பாடநூல் பூமியின் உள்ளமைப்பில் தொடங்கித் தட்டுகளுக்கு வந்து, கடைசியில் நிலநடுக்கத்தைத் தொடுகிறது. நீங்கள் தலைகீழாகப் போங்கள். முதல் நாள் மேசைமேல் இருக்க வேண்டியது ஒரு செங்கல்.

ஒரு நீளமான பலகையில் உப்புத்தாளைச் சொரசொரப்புப் பக்கம் மேலாக ஒட்டுங்கள். செங்கலின் அடியிலும் ஒரு உப்புத்தாள். செங்கலைச் சுற்றி ஒரு சணல் கயிற்றைக் கட்டி, அதோடு நான்கைந்து ரப்பர் பேண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து, மறுமுனையை இன்னொரு கயிற்றில் முடியுங்கள். அந்தக் கயிற்றைப் பலகையின் ஓரத்தில் பிடித்திருக்கும் ஒரு குச்சியில் சுற்ற வேண்டும். கையால் இழுக்க விடாதீர்கள். பிள்ளைகள் வேகமாக இழுத்துவிடுவார்கள். ஒரு திருப்பு, சற்று நிறுத்தம், மறுபடி ஒரு திருப்பு என்று ஒரே சீராகச் சுற்ற வேண்டும். பலகையின் ஓரமாக ஓர் அளவுகோலை ஒட்டிவிடுங்கள். ஐந்து பேருக்கு ஒரு பலகை என்றால் எட்டுச் செங்கல் போதும். ஒருவர் சுற்றவும், ஒருவர் திருப்புகளை எண்ணவும், ஒருவர் செங்கல் தாவிய தூரத்தை அளக்கவும், ஒருவர் குறித்துக்கொள்ளவும், ஐந்தாமவர் அடுத்த தாவல் எத்தனையாவது திருப்பில் வரும் என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டிச் சொல்லவும் வேண்டும். அந்த ஐந்தாமவர்தான் இந்தச் செய்முறையின் உயிர்.

வீட்டில் இரும்பு பீரோவை நகர்த்திப் பார்த்தவர்களுக்கு நடக்கப்போவது தெரியும். தள்ளத் தள்ள அசையாமல் நிற்கும். பிறகு ஒரே இழுப்பில் நகர்ந்து மறுபடி நின்றுவிடும். செங்கலும் அப்படியே. ரப்பர் நீண்டுகொண்டே போகும், செங்கல் அசையாது. ஒரு கட்டத்தில் உராய்வு தோற்றுச் சட்டென்று தாவும், ரப்பர் தளரும். குச்சியைச் சுற்றிய கை மாறாத வேகத்தில் சுற்றியது. செங்கலோ நின்று நின்று பாய்ந்தது. தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் ஓயாமல் நகர்வதும், அதன் விளிம்பில் உள்ள பாறை நூற்றாண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டு வளைந்து பின்பு சில வினாடிகளில் விடுபடுவதும் இதுதான். 1906ல் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு வேலிகளும் சாலைகளும் துண்டாகி விலகி நின்றதை ஆராய்ந்த ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அமெரிக்க அறிஞர் இந்த மீள்விசைக் கருத்தை முன்வைத்தார். அந்தக் கருத்தை உங்கள் பிள்ளைகள் ஒரு பலகையில் தாங்களே கண்டுகொள்ளட்டும்.

இப்போது ஐந்தாமவரின் கணிப்புகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். சில சரியாக இருக்கும், பல தவறும். தாவல்கள் ஒரே இடைவெளியில் வந்திருக்காது, ஒரே அளவிலும் இருந்திருக்காது. கண் முன்னே ஒரு செங்கல், ஒரு ரப்பர், ஒரே சீரான இழுப்பு. அதிலேயே அடுத்த தாவலைச் சொல்ல முடியவில்லை. நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு நிலநடுக்கத்தை இன்றுவரை யாராலும் முன்னறிவிக்க முடியாதது ஏன் என்பது அங்கே தெளியும். வாட்ஸ்அப்பில் "இன்று இரவு நிலநடுக்கம்" என்று செய்தி வந்தால் உங்கள் மாணவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது இந்தச் சில நிமிடங்களில் தீர்மானமாகலாம். நேரம் இருந்தால் செங்கலின்மேல் இன்னொரு செங்கலை வைத்துத் தொடரச் சொல்லுங்கள். தாவல்கள் அரிதாகும், பெரிதாகும்.

இந்த மாதிரி எங்கே பிசகுகிறது? செங்கல் முழுதும் ஒரே நொடியில் நகர்கிறது. உண்மையான பிளவில், அதாவது இரு பக்கப் பாறைகளும் உரசி நகரும் முறிவில், உடைப்பு ஒரு புள்ளியில் தொடங்கி ஓடும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே தொடங்கிய உடைப்பு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தூரம் ஓடி முடியச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. இன்னொன்று: இங்கே ரப்பர் தனி, செங்கல் தனி. பூமியில் பாறையேதான் ரப்பர். கல் வளையும் என்பதைப் பிள்ளைகள் எளிதில் நம்பமாட்டார்கள். அந்தச் சந்தேகத்தை அவசரமாக அடக்கிவிடாதீர்கள், சற்று வாதாட விடுங்கள்.

ரிக்டர் எண்ணைப் பற்றிக் கேட்பார்கள். அதற்குத் தென்னந்துடைப்பம் ஒன்று போதும். ஓர் ஈர்க்குச்சியை ஒடிப்பது 5 அளவு நிலநடுக்கம் என்று வைத்துக்கொண்டால், 6 என்பது 32 குச்சிகளைச் சேர்த்து ஒடிப்பது. 7 என்பது ஆயிரம் குச்சி. வகுப்பில் உள்ள துடைப்பங்கள் எல்லாம் சேர்ந்தாலும் போதாது. 9 என்றால் பத்து லட்சம். குச்சிக் கட்டு ஒன்றை ஒடிக்க இரண்டு பேர் முயன்றும் முடியாமல் போகும்போது, 6க்கும் 7க்கும் "ஒன்றுதானே வித்தியாசம்" என்ற எண்ணம் போய்விடும். உடனே அடுத்த பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2001ல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கம் வெளியிட்ட ஆற்றல், 1993ல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் நிகழ்ந்ததைப்போல் நூறு மடங்குக்கும் மேல். ஆனாலும் 6.2 அளவுள்ள லாத்தூர் அதிர்வில் ஏழாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன், கனத்த கல்லை மண்ணில் வைத்து எழுப்பிய சுவர்களுக்குள் ஊரே உறங்கிக்கொண்டிருந்தது. குச்சிக் கணக்கு பூமி விட்ட ஆற்றலைச் சொல்லும். மனிதருக்கு நேர்ந்ததைச் சொல்லாது.

இரண்டாம் பாடவேளையை மைதானத்தில் வையுங்கள். இதை நான் மிகவும் விரும்புவதற்குக் காரணம், கணக்கில் பயந்த பிள்ளைகூட இதில் தானே ஒரு கணக்கைக் கண்டுபிடித்துவிடும். மூன்று மாணவர்களை மைதானத்தின் மூன்று ஓரங்களில் முதுகைக் காட்டி நிற்க வையுங்கள். அவர்கள் நில அதிர்வு நிலையங்கள். மற்றவர்கள் நடுவில் எங்கோ ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது மேல்மையம், அதாவது நிலநடுக்கம் பிறந்த இடத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள புள்ளி. அங்கிருந்து ஒவ்வொரு நிலையத்தையும் நோக்கி இரண்டு பேர் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும். நீங்கள் வினாடிக்கு ஒருமுறை கைதட்டுங்கள். ஒரு தட்டலுக்கு இரண்டு அடி எடுத்து வைப்பவர், நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும் முதன்மை அலை; ஓர் அடி எடுத்து வைப்பவர், அதற்குப் பின்னால் வரும் இரண்டாம் நிலை அலை. அடி வைக்கும் நீளம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்படி முன்பே பழக்கிவிடுங்கள். முதல் நடையாளர் வந்து தோளைத் தொட்டதும் நிலையத்தில் நிற்பவர் கைதட்டல்களை எண்ணத் தொடங்கி, இரண்டாமவர் தொடும்போது நிறுத்த வேண்டும்.

இருபது அடி தூரம் என்றால் முதலாமவருக்குப் பத்து வினாடி, இரண்டாமவருக்கு இருபது, இடைவெளி பத்து. ஆக, எண்ணியதை இரண்டால் பெருக்கினால் மையத்தின் தூரம் அடிக்கணக்கில் வந்துவிடும். இதை நீங்கள் சொல்லாதீர்கள், கண்டுபிடிக்கட்டும். பிறகு ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் அந்த நீளத்துக்குக் கயிறு பிடித்து, கோலப்பொடியால் வட்டம் போடட்டும். மூன்று வட்டங்களும் ஒரே புள்ளியில் கச்சிதமாகச் சந்திக்காது, சிறு முக்கோணம் ஒன்று மிஞ்சும். அதைத் தவறு என்று அழிக்க விடாதீர்கள். நில அதிர்வு நிலையங்களின் கணக்கிலும் அப்படித்தான் வரும். அதனால்தான் அவர்கள் பல நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். உண்மையான பாறையில் முதன்மை அலை வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டரும் இரண்டாம் நிலை அலை 3.5 கிலோமீட்டரும் போவதால், இடைவெளி வினாடிகளைச் சுமார் 8ஆல் பெருக்க வேண்டும். கோயம்புத்தூரில் நிலம் அதிர்ந்தால் சேலத்தில் இரண்டு அலைகளுக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கும்? நேர்கோட்டில் 150 கிலோமீட்டர் என்று கொண்டு அவர்களையே கேளுங்கள். பதினெட்டு, பத்தொன்பது வினாடி என்று பதில் வரும்.

மைதானத்திலிருந்து கலைவதற்குள் இன்னொன்றையும் செய்துவிடலாம். பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் இருப்பவரின் தோளை இறுகப் பிடித்து நிற்கட்டும். பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளினால் அந்தத் தள்ளல் முன்வரை போகும். பக்கவாட்டில் அசைத்தால் அதுவும் போகும். இப்போது நடுவில் உள்ள நால்வரைக் கையை விட்டுவிட்டு உரசினாற்போல் நெருங்கி நிற்கச் சொல்லுங்கள். தள்ளல் கடந்துவிடும், பக்கவாட்டு ஆட்டம் அவர்களிடம் வந்து நின்றுவிடும். தள்ளல்தான் முதன்மை அலை, பக்கவாட்டு ஆட்டம் இரண்டாம் நிலை அலை, கையை விட்ட நால்வர் திரவம். திரவத்துக்குள் இரண்டாம் நிலை அலை புகாது என்பது இதுதான். 1897 அசாம் பெருநடுக்கத்தை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், அதிர்வுப் பதிவுகளில் இந்த அலைகளைத் தனித்தனியாக இனங்கண்டார். 1906ல் பூமியின் நடுவே ஒரு கருவம் இருப்பதற்கு இந்த அலைகளையே சான்றாகக் காட்டினார். நம் நாட்டு நிலநடுக்கம் ஒன்று பூமியின் உள்ளே பார்க்க வழி திறந்தது என்பதை நம் பாடநூல் இன்னும் சற்று உரக்கச் சொல்லியிருக்கலாம்.

இதே அலைகள் இன்னொரு பிழையையும் தீர்த்துவைக்கின்றன. தட்டுகள் நெருப்புக் குழம்பின்மேல் மிதக்கின்றன என்று பெரும்பாலான பிள்ளைகள், சில வழிகாட்டி நூல்களும்கூட, எழுதுகிறார்கள். மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையே உள்ள கவசம் முழுதும் குழம்பாக இருந்தால் இரண்டாம் நிலை அலை அதைக் கடந்து வந்திருக்காது; கடந்து வருகிறது. கவசம் திடப்பொருள்தான். ஆனால் அதன் வெப்பத்தில், மிக மிக மெதுவாக, கோடிக்கணக்கான ஆண்டுகளில் வழிந்து நகரும் திடப்பொருள். ஆகவே பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டும் வழக்கமான செய்முறையை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குமிழி விட்டுக் கொதிக்கும் நீரைப் பார்த்த கண், பூமிக்குள்ளும் அதையே கற்பனை செய்துகொள்ளும். கடலடியில் குளிர்ந்து கனத்த தட்டின் விளிம்பு கீழே அமிழ்ந்து, தன் பின்னால் மீதித் தட்டையும் இழுத்துச் செல்வதே நகர்வுக்கு முக்கியக் காரணம் என்று இன்றைய அறிவியல் கருதுகிறது. கொதிக்கும் பாத்திரத்தில் அது தெரியாது. அதற்குப் பதில் சத்துணவில் தரும் அவித்த முட்டை ஒன்று போதும். ஓட்டை லேசாகத் தட்டி விரிசல் விடுங்கள். முட்டையோடு ஒப்பிட்டால் ஓட்டின் தடிமன் எவ்வளவோ, பூமியோடு ஒப்பிட்டால் தட்டுகளின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். உள்ளே இருப்பது கெட்டியான வெள்ளைக்கரு என்பதையும் மறக்காமல் காட்டுங்கள்.

இனி உங்கள் ஊரின் கல்லுக்கு வருகிறேன். ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் வெட்டப்பட்ட பாறைகளைப் பிள்ளைகள் பேருந்து ஜன்னலில் பார்த்திருப்பார்கள். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற கருஞ்சாம்பல் பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், இருபது கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அதன் மேலிருந்த அத்தனை பாறையும் தேய்ந்து போனதால்தான் இன்று அதன்மேல் காப்பித் தோட்டம் இருக்கிறது. மலைக்குக் கீழே சேலத்தின் வெள்ளைக்கல் இன்னும் சுவையான பாடம். வெள்ளை நரம்புகளாக ஓடும் மேக்னசைட்டைச் சூழ்ந்திருக்கும் கரும்பச்சைப் பாறை டுனைட். அதன் முக்கியக் கனிமமான ஒலிவின்தான் மேல்கவசத்திலும் மிகுதியாக இருப்பது. கவசம் எப்படி இருக்கும் என்று கேட்கும் பிள்ளையின் கையில் தொட்டுப் பார்க்க ஒன்றைக் கொடுக்க முடிகிற ஊர்கள் அதிகமில்லை. சேலத்தில் நிலவியல் துறை உள்ள கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கடிதம் எழுதிச் சில துண்டுகள் கேளுங்கள். பிள்ளைகளைக் குவாரிக்குள் அழைத்துப் போகாதீர்கள். கைவிட்ட குழிகளில் ஆழமான நீர் நிற்கிறது, ஓரம் சரியும்.

குவாரி வேட்டால் நிலநடுக்கம் வருகிறதா? ஜன்னல் அதிர்வது உண்மை. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால் வேட்டின் அதிர்வு தரைக்கு மிக அருகில் பிறந்து, சிறிது தூரத்திலேயே ஓய்ந்துவிடும். இதைச் சோதித்தே காட்டலாம். உங்கள் கைப்பேசியில் பைபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இறக்கி, முடுக்கத்தை அளக்கும் பகுதியைத் திறந்து, தரையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு மாணவர் குதிக்கட்டும், பிறகு ஐந்தடி தள்ளி, பிறகு பத்தடி தள்ளிக் குதிக்கட்டும். கோடு எப்படிச் சிறுத்துப்போகிறது என்று திரையிலேயே தெரியும். 2018 ஜூலையில் சேலம், தருமபுரி மாவட்டங்களில் உணரப்பட்ட 3.3 அளவு அதிர்வைப் பல ஊர்களில் ஒரே நேரத்தில் மக்கள் உணர்ந்தார்கள். ஒரு குவாரியின் வேட்டு அப்படிப் பரவாது.

"நம்ம ஊருக்கு வருமா?" என்ற கேள்விக்கு "வராது" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பயமுறுத்தவும் வேண்டாம். சேலம் தட்டின் விளிம்பில் இல்லை; இந்தியத் தட்டின் உட்பகுதியில் இருக்கிறது. ஆகவே இமயமலைப் பகுதியில் வருவது போன்ற பெருநடுக்கங்களை இங்கே எதிர்பார்ப்பதில்லை. ஆனால் வடக்கே மோதிக்கொண்டிருக்கும் தட்டின் அழுத்தம் அதன் உட்பகுதிக்கும் வருகிறது. பழைய பலவீனமான இடங்கள் எப்போதாவது விட்டுக்கொடுக்கின்றன. நம் பகுதியில் அத்தகைய பழைய தழும்புகள் உண்டு. பாலக்காட்டிலிருந்து காவிரிப் பக்கமாக நீளும், பாறைகள் நசுங்கி இழுபட்ட அகலமான பட்டையைப் பல ஆய்வாளர்கள் பண்டைக்காலத்தில் கண்டத் துண்டுகள் ஒட்டிய இடமாகப் பார்க்கிறார்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் நிகழ்ந்த ஏறத்தாழ 6 அளவு நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. லாத்தூரும் தட்டின் உட்பகுதிதான். 2002ல் வெளியான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நிலநடுக்க மண்டல வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதியில் வைக்கப்பட்டது. இவ்வளவையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். தெரிந்துகொள்ளாத பிள்ளைதான் வதந்திக்குப் பயப்படும்.

மூன்றாவதாக ஒரு பாடவேளை எப்படியாவது கிடைத்தால் அதைக் கட்டடங்களுக்குக் கொடுங்கள். ஒரு தட்டில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, அதன்மேல் சற்றுச் சிறிய பலகை ஒன்றை வைத்து, ரப்பர் பேண்டால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினால் ஆட்டும் மேசை தயார். ஐஸ் குச்சியும் களிமண் உருண்டையும் வைத்து மூன்று மாடி வீடுகள் கட்டட்டும். ஒரு குழு கீழ்த்தளத்தை வெறும் தூண்களாக விடட்டும். இன்னொரு குழு அதே தூண்களுக்கிடையே குறுக்காகக் குச்சி வைக்கட்டும். எது முதலில் விழும் என்று எழுதிய பிறகு ஆட்டுங்கள். 2001ல் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்ததற்கு, வண்டி நிறுத்தத் தூண்களோடு திறந்துவிட்ட தரைத்தளம் ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. சேலத்தில் இன்று எழும்பும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தைப் பிள்ளைகள் வீடு திரும்பும் வழியில் பார்ப்பார்கள், வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். அன்றே, தரை ஆடினால் மேசைக்கடியில் புகுந்து தலையையும் கழுத்தையும் மறைத்து மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளவும், ஆட்டம் நிற்கும்வரை மாடிப்படிக்கு ஓடாமல் இருக்கவும் ஒருமுறை பயிற்சி கொடுத்துவிடுங்கள்.

இரண்டே பாடவேளைதான் என்று தலைமையாசிரியர் உறுதியாக இருந்தால், முதல் நாள் செங்கல், மறுநாள் மைதானம். முட்டையைச் சத்துணவு நேரத்தில் காட்டலாம், துடைப்பத்துக்கு ஐந்து நிமிடம் போதும். தேர்வில், "செங்கல் மாதிரி உண்மையான பிளவிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?" என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றை நீங்களே சேர்த்துவிடுங்கள். விடைகளில் சிலவற்றை எனக்கு அனுப்பினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.